மார்ட்டன் தெரு வாத்திய கோஷ்டி

ஒரு ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தவர் மறைந்தபின் அதை நடத்துவது யார் என்னும் கேள்வி, பொதுவாழ்வில் ஈடுபட்டவர்களுக்குப் புதிதன்று. ஸ்தாபகரின் சிதை ஆறுமுன்னரே இரண்டு காரியக் கமிட்டிகளும் மூன்று காரியதரிசிகளும் தோன்றிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பெயர்ப் பலகை யாருக்கு உரியது, மேஜை நாற்காலி யாருக்கு உரியது என்பதில் நீதிமன்றம் வரை செல்வோர் உண்டு. ஸ்தாபகர் செய்துவந்த வேலையைத் தொடர்ந்து செய்வது யார் என்பதில் மட்டும் அவ்வளவு போட்டி இருப்பதில்லை. இந்த விஷயத்தில் ஒரு சங்கீத வித்துவானின் வாழ்க்கை நமக்குச் சிலவற்றைச் சொல்லக்கூடும் என்று கருதுகிறோம். முப்பத்தேழு வருஷம் அணியில் நின்று வாசித்துவிட்டு, எழுபத்தோராம் வயதில் தலைமையை ஏற்று, நூறு வயதுக்கு அப்பாலும் அதை விடாதிருந்த மனிதரின் கதை இது.

அவர் பெயர் மார்ஷல் ஆலன். ஐக்கிய அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் 1924-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி பிறந்த கறுப்பர். அவருடைய வாத்தியம் ஆல்ட்டோ ஸாக்ஸபோன். அவர் தலைமை ஏற்ற கோஷ்டிக்கு "ஸன் ரா ஆர்க்கெஸ்ட்ரா" என்று பெயர். மேனாட்டார் பெரிய வாத்திய கோஷ்டியை ஆர்க்கெஸ்ட்ரா என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆனால் இந்தக் கோஷ்டியார் அச்சொல்லின் எழுத்தைச் சற்றே மாற்றி, அதன் முன்பாதி "பேழை" என்று பொருள்படும்படி வைத்துக்கொண்டனர். பிரளயத்தின்போது நோவா கட்டிய பேழையைத்தான் அச்சொல் குறிக்கிறது. பெயரிலேயே ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பெயரை இட்டவர் ஸ்தாபகரான ஸன் ரா. 1914-ல் அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தபோது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஹெர்மன் பூல் பிளௌண்ட். 1952-ல் சட்டப்படி அப்பெயரை உதறிவிட்டுப் பண்டை எகிப்தியரின் சூரிய தேவனாகிய ரா-வின் பெயரைச் சூடிக்கொண்டார். தாம் இப்பூவுலகத்தைச் சேர்ந்தவரல்லர், சனிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டார். இறுதிவரை அப்பேச்சை மாற்றவில்லை. பளபளக்கும் அங்கியும் எகிப்திய மகுடமும் அணிந்தே மேடையில் அமர்வார். கோஷ்டியாரும் அவ்வாறே அணிய வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காலத்து அலபாமாவில் ஒரு கறுப்பர் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும், வண்டியில் எந்தப் பலகையில் உட்கார வேண்டும், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் சட்டமே வகுத்திருந்தது. பூமியில் தமக்கு விதிக்கப்பட்ட இடம் இதுதான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவர், "அப்படியானால் எனக்கு உங்கள் பூமியே வேண்டாம்" என்று சொன்னால், அதில் பைத்தியம் எவ்வளவு, ரோஷம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

ஸ்தாபகருக்கும் அவருக்குப் பின் வந்தவருக்கும் இருந்த வேற்றுமை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1942-ல் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, கொலைத் தொழில் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று ஸன் ரா மறுத்தார். அதற்காக அலபாமாவில் சிறையில் அடைக்கப்பட்டுப் பின்னர் பென்ஸில்வேனியாவில் ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அதே 1942-ல் பதினெட்டு வயது வாலிபரான மார்ஷல் ஆலன் பட்டாளத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த 92-வது காலாட்படை டிவிஷன் கறுப்பர்களுக்கென்றே தனியாக வைக்கப்பட்டிருந்தது. ஜனநாயகத்தைக் காப்பதற்காக ஹிட்லரை எதிர்த்துச் சண்டையிட்ட சேனையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அணியில் நிற்க இடமில்லை. அந்தப் பிரிவினையை ஒழிக்கும் உத்தரவு 1948-ல்தான் பிறந்தது. ஆலன் பட்டாளத்துப் பாண்டில் வாசித்தார். யுத்தம் முடிந்தபின் பாரிஸ் நகரில் தங்கி, புகழ்பெற்ற அந்நகரத்து ஸங்கீதக் கலாசாலையில் பயின்றார். தம் நிறத்தை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஊரில் தொழில் நடத்த வழியிருந்தும், சில வருஷங்களில் அமெரிக்கா திரும்பிச் சிகாகோவில் குடியேறினார்.

அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் புதிய கோஷ்டி ஒன்றின் வாசிப்பைக் கேட்டார். அதை நடத்துபவர் யார் என்று விசாரித்துத் தேடிப் போனார். 1958-ல் கோஷ்டியில் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்து நான்கு. படித்தவர், ஐரோப்பாவில் பழகியவர், கையில் தொழில் உள்ளவர். அப்படிப்பட்டவருக்கு ஸன் ரா இட்ட முதல் பாடம், "உமக்குத் தெரிந்ததை வாசிக்க வேண்டாம், தெரியாததை வாசியும்" என்ற கருத்தில் அமைந்திருந்தது. பாரிஸ் கலாசாலையில் கற்ற கல்வி இதற்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆலன் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. ஸாக்ஸபோனிலிருந்து கீச்சிடும் ஒலியும், அலறும் ஒலியும், பறவைக் கூட்டம் ஒருங்கே கலைவது போன்ற ஒலியும் எழுப்பக் கற்றுக்கொண்டார். புல்லாங்குழல், ஓபோ முதலிய வாத்தியங்களும் அவர் கைக்கு வந்தன. வாத்தியத்தின் பொத்தான்களின்மீது கைவிரல்களை வீணை மீட்டுவதுபோல் வீசி வாசிப்பது அவருடைய தனி முத்திரையாயிற்று. முதன்முறை கேட்பவர்களுக்கு இது சங்கீதமா, சண்டையா என்ற ஐயம் எழும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே ஒரு பழைய நாட்டியப் பாட்டின் மெட்டு நூலிழைபோல் ஓடுவது தெரியும். புதுமையில் எவ்வளவு தூரம் சென்றாலும் ஸன் ரா தம் இளமையில் கேட்ட பழைய கறுப்பர் ஸங்கீதத்தைக் கைவிட்டவரல்லர்.

கோஷ்டியின் வாழ்க்கை முறையை நம் வாசகர்களுக்குக் குருகுலவாசம் என்று சொன்னால் விளங்கும். எல்லாரும் ஒரே வீட்டில் வாசம், ஒரே சமையல். மது, போதை வஸ்து ஆகியவற்றுக்குத் தடை. ஒத்திகைக்கு வேளை கிடையாது; நள்ளிரவில் தலைவருக்கு ஒரு மெட்டுத் தோன்றினால் நள்ளிரவிலேயே அனைவரும் எழுந்து வாத்தியத்தை எடுக்க வேண்டும். ஒரு நாள் கச்சேரிக்கு நூறு நாள் ஒத்திகை என்ற கணக்கில் காலம் சென்றது. கிடைத்த பணமோ சொற்பம்.

இவ்விடத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. 1960-க்குப் பின்வந்த வருஷங்களில் அமெரிக்கக் கறுப்பர் அனைவரும் "சுதந்திரம்" என்னும் சொல்லையே மந்திரமாக உச்சரித்தனர். ஜாஸ் வித்துவான்களில் புதுமை விரும்பியவர்களும் தங்கள் முறைக்குச் சுதந்திர ஜாஸ் என்றே பெயரிட்டனர். ஸன் ரா ஒருவர்தாம் அச்சொல்லை விரும்பாமல் "கட்டுப்பாடு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். கட்டுப்பாடு என்றே பெயரிட்டு, இலக்கம் போட்டு, வரிசையாக உருப்படிகள் இயற்றினார். தம் கோஷ்டியார் தம் சிறையில் இருக்கிறார்கள் என்றும், உலகத்தில் அதைவிட நல்ல சிறை இல்லை என்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கட்டுப்பாடில்லாத சுதந்திரம் கூச்சலாய் முடியும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரே மனிதரின் விருப்பமே சட்டமாக இருக்கும் கட்டுப்பாட்டை முழுமனத்துடன் பாராட்ட நம்மால் இயலவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் கோஷ்டியார் மட்டுமல்லர். பாரிட்டோன் ஸாக்ஸபோன் வாசித்த பாட் பாட்ரிக் என்பவர், சிறு குழந்தைகள் இருந்த தம் குடும்பத்தை விட்டு இக்கோஷ்டியுடன் சென்றார். தகப்பனில்லாத வீட்டில் வறுமையில் வளர்ந்த அவருடைய மகன் டெவால் பாட்ரிக், 2007 முதல் 2015 வரை மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கவர்னராக இருந்தார். மகன் உயர்ந்துவிட்டதனால் தகப்பனார் செய்தது சரியாகிவிடாது.

மற்றொரு விஷயத்தில் இவர்களுடைய துணிவை மனமாரப் புகழலாம். பெரிய கம்பெனிகள் தங்களைத் தேடி வரும் என்று காத்திராமல், ஸன் ராவும் அவருடைய நண்பர் ஆல்டன் ஆப்ரஹாமும் 1957-ம் வருஷத்தை ஒட்டியே சொந்தமாக இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று தொடங்கினர். அதற்குச் சனிக் கிரகத்தின் பெயரையே இட்டனர். வித்துவான்கள் தாங்களே பதிவு செய்து, தாங்களே உறைகளில் கையால் வர்ணம் தீட்டி, கச்சேரி மேடையருகே தாங்களே விற்றனர். சில தட்டுகள் ஒரு நூறு பிரதிகூட வெளிவந்திரா. கறுப்பரின் சங்கீதத்தை விற்று வெள்ளை முதலாளிகள் கொழுத்த காலத்தில், தங்கள் சரக்கைத் தாங்களே செய்து தாங்களே விற்பது என்று துணிந்த இவர்களுக்குச் சுதேசியம் என்ற சொல் தெரிந்திராது. பொருள் நன்றாகவே தெரிந்திருந்தது. அன்று வாங்க ஆளில்லாமல் கிடந்த அத்தட்டுகளை இன்று சேகரிப்போர் பெரும்பணம் கொடுத்து வாங்குகின்றனர். அப்பணம் உறையில் வர்ணம் தீட்டியவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

1961-ல் கோஷ்டி நியூயார்க் சென்றது. 1966 முதல் அந்நகரத்துச் சிறு மதுக்கடை ஒன்றில் திங்கட்கிழமைதோறும் வாசித்துப் பெயர் பெற்றது. குடியிருந்த வீடு விலைக்கு வந்துவிடவே, 1968-ல் போக்கிடமின்றி நின்றபோது கைகொடுத்தவர் ஆலனின் தகப்பனார். பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டௌன் பகுதியில், மார்ட்டன் தெருவில் அவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அதைப் பெயருக்கு ஒரு டாலர் விலை வைத்து ஸன் ராவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கின்றனர். வரிசை வீடுகள் நிறைந்த சாதாரணத் தெரு அது. சனிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரும், அகாலத்தில் முரசறையும் பத்துப் பதினைந்து பேரும் வந்து குடியேறினால் அண்டை வீட்டார் என்ன நினைத்திருப்பர்? ஆனால் நாளடைவில் கோஷ்டி அப்பேட்டைக்கே உரியதாகிவிட்டது. கோஷ்டியில் ஒருவர் அங்கே மளிகைக் கடைகூட நடத்தினார். ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் சென்று கைதட்டல் பெற்ற கோஷ்டி, திரும்பி வந்தால் அதே மார்ட்டன் தெருவுக்குத்தான் வரும்.

1990-ல் ஸன் ராவைப் பாரிசவாயு தாக்கியது. அதற்குப் பின்னும் சக்கர நாற்காலியில் வந்து மேடையில் அமர்ந்தார். 1993-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, தாம் பிறந்த பர்மிங்ஹாமிலேயே காலமானார். அவரை அடக்கம் செய்த எல்ம்வுட் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. வியத்நாம் யுத்தத்தில் உயிர் நீத்த கறுப்புச் சிப்பாய் ஒருவரின் உடலை அங்கே புதைக்க 1969-ல் இடம் மறுத்தனர். நீதிமன்றம் தலையிட்ட பின்னரே கதவு திறந்தது. உயிரோடிருந்த காலத்தில் எந்தப் பூமியைத் தம்முடையதல்ல என்று சொன்னாரோ, அதில் ஆறடி இடம் ஸன் ராவுக்குக் கிடைத்தது.

அடுத்த தலைமை ஜான் கில்மோரிடம் வந்தது. 1953 முதல் கோஷ்டியில் இருந்த மூத்தவர். டெனர் ஸாக்ஸபோனில் நிகரற்றவர். உலகப் புகழ் பெற்ற ஜான் கோல்ட்ரேனே அவரிடம் காது கொடுத்துக் கேட்டவர் என்றால் வேறு சான்று வேண்டாம். இடையே ஓராண்டுக் காலம் வேறொரு பெயர்பெற்ற கோஷ்டிக்குச் சென்றதைத் தவிர, வாழ்நாள் முழுவதையும் இவ்வீட்டிலேயே கழித்தார். அவரும் நுரையீரல் நோயால் 1995 ஆகஸ்டில் மறைந்தார். அப்போதுதான் ஆலனின் முறை வந்தது. வயது எழுபத்தொன்று. உத்தியோகஸ்தர்கள் பென்ஷன் வாங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும் வயது.

அவர் முன் இருந்த சங்கடம் எளிதானதன்று. ஸன் ரா இன்ன வாத்தியத்துக்கு என்று எழுதியவரல்லர். இன்ன மனிதருக்கு என்று எழுதியவர். கில்மோரின் மூச்சுக்கு எழுதியதைக் கில்மோர் வாசித்தார். பாட்ரிக்கின் மூச்சுக்கு எழுதியதைப் பாட்ரிக் வாசித்தார். அவர்கள் போனபின் அந்தக் காகிதத்தை யாரிடம் கொடுப்பது? பழைய தட்டுகளில் உள்ளபடியே இளைஞர்களை வாசிக்கச் செய்தால் அது ஆண்டுத் திவசம் கொடுப்பது போலாகும். எல்லாவற்றையும் புதிதாகச் செய்தால் ஸன் ராவின் பெயரைப் பலகையில் வைத்திருக்க நியாயமில்லை. ஆலன் இரண்டையும் செய்யவில்லை. ஸன் ரா எழுதி வைத்துச் சென்ற எண்ணற்ற காகிதங்களை வீட்டில் வைத்துப் பாதுகாத்து, அவற்றை எடுத்துத் தம்மிடம் வந்து சேர்ந்தவர்களுக்குத் தக்கபடி திருத்தி அமைத்தார். ஒத்திகையை மட்டும் நிறுத்தவில்லை. மார்ட்டன் தெரு வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாத்தியங்களை எடுக்கச் செய்தார். கையை உயர்த்தியும் விரலை அசைத்தும் கோஷ்டியை நடத்தும் முறையும் ஸன் ராவிடமிருந்து வந்ததே. ஆனால் சனிக் கிரகத்திலிருந்து வந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தாம் ஸன் ரா ஆகிவிட முயலவில்லை என்பதுதான் இவர் செய்த காரியங்களிலெல்லாம் சிறந்தது என்பது நமது அபிப்பிராயம்.

தலைவருக்குப்பின் வருகிறவர் தலைவரின் குரலில் பேசத் தொடங்குவதும், அவருடைய உடையையும் கைத்தடியையும் எடுத்துக்கொள்வதும் நமக்குப் பழகிய காட்சிகள். ஆலன் பளபளக்கும் சிவப்பு அங்கியையும் குல்லாயையும் அணிந்தார். அது கோஷ்டியின் உடை. நாதமோ அவருடைய சொந்த நாதம். எண்பது வயதுக்கு மேலும் மின்சார ஊது வாத்தியம் ஒன்றைக் கையில் வைத்து அதிலிருந்து விண்ணோசை போன்ற ஒலிகளை எழுப்பிக்கொண்டிருந்தார்.

பலன் உடனே கிட்டவில்லை. 1999-ல் ஓர் ஆல்பம் வெளிவந்தபின், புதிய ஸ்டூடியோ ஆல்பம் வெளிவர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "ஸ்விர்லிங்" என்னும் அந்த ஆல்பத்தில் பெரும்பாலானவை ஸன் ராவின் உருப்படிகள். தலைப்புக்குரிய உருப்படி மட்டும் ஆலன் இயற்றியது. 2022-ம் வருஷத்துக் கிராமி பரிசுக்கு அது பரிந்துரை பெற்றது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று, போகட்டும். அதே 2022-ல் பிலடெல்பியா நகரத்தார் மார்ட்டன் தெரு வீட்டைச் சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டனர். கோஷ்டி குடியேறி ஐம்பத்துநான்கு வருஷங்களுக்குப் பிறகு வந்த கௌரவம். நகராட்சிகள் எங்கும் ஒரே மாதிரிதான் போலும்.

அமெரிக்க சர்க்காரின் கலை நிதி ஸ்தாபனம் ஜாஸ் வித்துவான்களுக்கு அளிக்கும் உயர்ந்த விருது, ஸன் ராவுக்கு 1982-ல் கிடைத்தது. ஆலனுக்கு அதே விருது 2025-ல் கிடைத்தது. குருவுக்கும் சீடருக்கும் நடுவே நாற்பத்துமூன்று வருஷ இடைவெளி.

இன்னும் ஒன்று பாக்கி. நூற்றுக்கு மேற்பட்ட ஸன் ரா தட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஆலனின் வாத்தியம் ஒலிக்கிறது. ஆயினும் கோஷ்டியை விட்டுத் தனியே தம் பெயரை மட்டும் தாங்கிய ஸ்டூடியோ ஆல்பம் ஒன்று அவர் நூறு வயது வரை வெளியிட்டதில்லை. யாரும் கேட்கவில்லையா, அவரே வேண்டாமென்றாரா? அணியில் நிற்பவரின் ஆற்றலை அணி இப்படி விழுங்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. தொண்டர்களை நம்பி நடக்கும் எந்த ஸ்தாபனத்தின் தலைவரும் சற்று நின்று யோசிக்க வேண்டிய கேள்வி அது. 2024 மே மாதத்தில் ஆலனுக்கு நூறு வயது நிறைந்தது. அடுத்த சில தினங்களில் பிலடெல்பியாவில் ஸ்டூடியோவுக்குச் சென்றார். வயலின்காரர்களும் உடன் வாசிக்க, அங்கே பதிவான ஆல்பத்துக்கு "புது விடியல்" என்று பொருள்படும் பெயர் வைத்து, 2025 பிப்ரவரி 14-ந் தேதி வெளியிட்டார்கள். உலகத்திலேயே மிக முதிர்ந்த வயதில் தம் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டவர் என்று கின்னஸ் புத்தகத்தார் அவருடைய பெயரைப் பதிந்துகொண்டனர். ஆல்பம் வெளிவந்த பின்னும் அவர் கோஷ்டியை விடவில்லை. நீண்ட பயணங்களைக் குறைத்துக்கொண்டு, வெளிதேசக் கச்சேரிகளை 1979 முதல் கோஷ்டியில் இருக்கும் நோயல் ஸ்காட் முதலியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பிலடெல்பியாவில் தம்மைத் தேடி வந்த வாலிபர்களுடன் வாசித்துவந்தார்.